காடும் வடிகாலும்: காலநிலை மாற்றத்தை நம் மக்களாட்சி எதிர்கொள்ள இயலுமா?



'மழை பெய்யும்' என்னும் தொடர் வழக்கத்தையும் குறிக்கும், எதிர்காலத்தையும் குறிக்கும். இதுகாறும் நிகழ்ந்ததே இனியும் நிகழும் என்ற நம்பிக்கையில் ஒரே வினைமுற்று இரண்டையும் சுமந்து வந்துள்ளது. ஆண்டிறுதிப் பெருமழை கிளந்தான், திரங்கானு போன்ற கிழக்குக்கரை மாநிலங்களுக்கே உரியது என்று நாமும் வாளாவிருந்தோம். 2021 டிசம்பர் 18 அன்று, ஒரு மாத மழை ஒரே நாளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிற்று. தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர். (1971இலும் கோலாலம்பூர் மூழ்கியதுண்டு. ஒரு வெள்ளத்தை மட்டும் சான்றாக்குதல் தகாது. எனினும் வெப்பமுற்ற காற்று மிகுதியான நீராவியைத் தாங்கும். பெருமழை மேலும் பெருகும்.)

ஐந்தாண்டுக்கொரு முறை வாக்குக் கேட்கும் அரசு, ஐம்பதாண்டுக்குப் பின் விளையும் நன்மைக்காக இன்று செலவிடாது என்பர். அவ்வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். ஆயினும் அதே ஆண்டில் சிலாங்கூரில் நிகழ்ந்த ஒன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கோல லங்காட் வடக்கு வனக்காப்பகம் ஒரு சதுப்புக் காடு. மட்காத இலையும் வேரும் நீருக்குள் அடுக்கடுக்காய்ப் படிந்த நிலம் அது. நீரை வடித்துவிட்டால், நெடுங்காலம் சேமித்த கரியை வானில் கலக்கும். தீப்பற்றினால் மண்ணே எரியும். தெமுவான் பூர்வகுடியினர் அதனை அண்டி வாழ்கின்றனர். 2020 பிப்ரவரியில் அதன் காப்புநீக்கம் குறித்த அறிவிப்பு வெளிவந்தது. ('காப்புநீக்கம்' என்பது என் சொல், நல்லதொன்று கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.) அத்தகைய நீக்கத்திற்கு முன் பொது விசாரணை நடத்தியாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மறுப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. சட்டமன்றமும் காட்டைக் காக்க ஒருமனதாகத் தீர்மானித்தது. ஆட்சிக்குழுவோ 536.7 ஹெக்டர் நிலத்தின் காப்பை நீக்கிற்று. 2021 ஆகஸ்டு இறுதியில் செய்தி வெளிப்பட்டதும் எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. செப்டம்பர் 8 அன்று முடிவு திரும்பப் பெறப்பட்டது.

சட்டமன்றத் தீர்மானம் ஆட்சிக்குழுவைத் தடுக்கவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க. முன்னறிவிப்பும் விசாரணையும் கட்டாயமாக இல்லாதிருந்தால், அக்காட்டின் பெயரே நம்மில் பலருக்குத் தெரிந்திராது. மக்களைக் கேட்கும் கடமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு மக்களாட்சியால் இயலும் என்பதே என் துணிபு.

வெள்ளத்துக்குத் திரும்புவோம். தெருவின் வடிகாலும் கட்டட அனுமதியும் ஊராட்சி மன்றத்தின் கையில் உள்ளன. அம்மன்றத்துக்கான தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாயிலை அடைத்துவிட்டது. இன்றும் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஸ்ரீ மூடாவில் உடைமை இழந்தவர் சட்டமன்ற உறுப்பினரை மாற்றலாம், நாடாளுமன்ற உறுப்பினரை மாற்றலாம். தம் தெருவின் வடிகாலுக்குப் பொறுப்பான மன்றத்தினரை வாக்கால் அசைக்க அவருக்கு வழியில்லை.