பாலைவன நகரம் வளருமா?

(கீழ்பென்னாத்தூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

ஏரி நிறைந்த வருஷம் நமக்கு நடவு வேலை உண்டு. வறண்ட வருஷம் பெங்களூருக்கு மூட்டை கட்டுகிறோம். தண்ணீரின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே தண்ணீரை நம்பி எழுந்த தூரதேசத்து நகரம் ஒன்றைப் பற்றிப் பேசுவோம்.

ராஜஸ்தானில், பாகிஸ்தான் எல்லையோரம் ஸ்ரீகங்காநகர் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன் அந்தச் சீமை மணற்காடு. 1927ல் சட்லஜ் நதியிலிருந்து கங் கால்வாய் வந்தது. பஞ்சாப் விவசாயிகள் வந்து மண்ணைத் திருத்தினார்கள். கோதுமையும் பருத்தியும் விளைந்தன. சந்தை வந்தது, ஆலை வந்தது. 1947 பிரிவினையில் கராச்சி திசை ரயில் பாதை எல்லையில் அறுந்தது. அப்படியும் நகரம் சாகவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே ஜனத்தொகை 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இனியும் வளருமா? வளரலாம். ஆனால் மேல்மடையில் தண்ணீர் பாய, கடைமடை காய்ந்தால் என்ன ஆகும்? அந்த மாவட்டத்துக் கர்சானா, ராவ்லா பகுதி விவசாயிகள் 2004ல் பாசனத் தண்ணீர் கேட்டுப் போராடினார்கள். கிடைத்தது என்ன? துப்பாக்கிக் குண்டு! உயிர்கள் பலியாயின.

கடைமடை விவசாயி கையில் காசில்லையென்றால் கடைத்தெருவில் வியாபாரம் ஏது? அவன் பருத்தி வாடினால் ஜின்னிங் ஆலை ஓடுமா? ஆலை நின்றால் தொழிலாளிக்குக் கூலி ஏது? கட்டடம் உயர்வது மட்டும் வளர்ச்சி ஆகாது, தோழர்களே!

இந்தப் பாடம் நமக்கும்தான். வரத்துக் கால்வாயைத் தூர் வாரு! ஆக்கிரமிப்பை அகற்று! கடைமடைக்கு முறைத் தண்ணீர் விடு! வயலில் நிற்பவரும் ஆலையில் நிற்பவரும் ஒன்றாகச் சேர்ந்து கேட்போம்.