பரம்பரையும் பாலீர்ப்பும்



“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம்மவர் வழக்கு. தோலின் நிறத்துக்கும் உடலின் உயரத்துக்கும் இது பெரிதும் பொருந்துவதைக் கண்ணாரக் காண்கின்றோம். வாலிபப் பருவத்து ஆண் பெண் இருபாலாரின் உள்ளத்தில் எழும் பாலீர்ப்புக்கும் இது பொருந்துமா? பிறப்புரிமையியல் அறிஞர் இவ்வினாவுக்குக் கண்ட விடையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

1993ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் டீன் ஹேமர் என்பாரும் அவர்தம் குழுவினரும், ஆண்களையே நாடும் சகோதரர் 40 சோடியினரை ஆராய்ந்தனர். அவர்களுள் 33 சோடியினரிடத்து, தாய்வழி வந்த எக்ஸ் நிறமூர்த்தத்தின் முனைப்பகுதி ஒத்திருக்கக் கண்டனர். பத்திரிகைகளோ, இவ்வீர்ப்பை உண்டாக்கும் தனியொரு பரம்பரையலகு அகப்பட்டுவிட்டதென முழங்கின. ஆயின் 1999இல் கனடாவிலே 52 சோடிச் சகோதரரை ஆராய்ந்தோருக்கு அவ்வொற்றுமை புலப்படவில்லை.

2019இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் பேராய்வொன்று வெளிவந்தது. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாழும் ஐரோப்பிய வமிசத்தவர் ஏறத்தாழ 4 இலட்சத்து 77 ஆயிரம் பேரின் விவரங்கள் அதில் ஆராயப்பட்டன. தம்பாலாரோடு ஒருமுறையேனும் உறவுகொண்டதுண்டா என்பதே அவர்களிடம் கேட்கப்பட்ட வினா. அந்நடத்தையோடு தொடர்புடைய ஐந்து இடங்கள் தெளிவாகப் புலப்பட்டன. அவற்றுள் ஒவ்வொன்றின் செல்வாக்கும் மிகச் சிறிது. பரம்பரை வேறுபாடுகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்துக் கணித்தபோதும், மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் 8 முதல் 25 சதவீதம் வரையே அவற்றால் விளக்கப்பட்டது. தனியொருவரின் இயல்பை இவற்றைக்கொண்டு முன்கூட்டிச் சொல்லுதல் இயலாது என்பதே அவ்வறிஞர் கண்ட முடிபு.

அங்ஙனமாயின் எஞ்சிய பங்கு வளர்ப்பின் குற்றமோ எனப் பெற்றோர் சிலர் கலங்கக்கூடும். அக்கலக்கம் வேண்டியதில்லை. விஞ்ஞானிகள் ‘சூழல்’ எனக் கூறுவது வீட்டையும் பள்ளியையும் மாத்திரமன்று; தாயின் கருப்பையில் நிகழ்வனவும், தற்செயலாய் நேர்வனவும் அதனுள் அடங்கும். மூத்த சகோதரர் பலரை உடைய ஆண்களிடத்தே இவ்வீர்ப்புச் சற்று மிகுதியாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. இதில் வளர்த்தவரின் பிழை யாது?

எனவே, மகனோ மகளோ தம் மனநிலையைத் துணிந்து கூறும் நாளில், “உன் குலத்து வழியா, என் குலத்து வழியா” எனத் தாயும் தந்தையும் வழக்காடுதல் வீண். மருந்து தேடி அலைதலும் வீண். உலக சுகாதார தாபனம் 1990ஆம் ஆண்டிலேயே இதனை நோய்களின் பட்டியலினின்றும் நீக்கிவிட்டது.

பரம்பரை நமக்கு ஈர்ப்புகளைத் தரலாம். அவ்வீர்ப்பிடையே பிறர் சம்மதத்தையும் மானத்தையும் காக்கும் பொறுப்பு, எவரை நாடுவோராயினும், யாவர்க்கும் ஒன்றே. அப்பொறுப்பை நம் இளைஞருக்கும் யுவதியருக்கும் கற்பிப்போமாக. அவர்களை அச்சமின்றிப் பேசவிடுதலே அக்கல்வியின் முதற்பாடம்.