மூக்கைச் சுற்றியுள்ள அறைகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையின் உயிரியல் ஆய்வுகூடத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு மண்டையோட்டைக் கையில் எடுத்தேன். நினைத்ததைவிட இலேசாக இருந்தது. "முகத்து என்புகளுக்குள்ளே வெற்றிடம் இருக்குது பிள்ளை" என்றார் ரீச்சர். இன்று காது, மூக்கு, தொண்டை வைத்தியராக அந்த வெற்றிடங்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். எங்கள் வீடுகளில் தலையிடி என்றாலே "பீனிசம்" என்று முடிவுகட்டி விடுகிறோம் அல்லவா?

மூக்கை ஒரு வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சுவர். இரு பக்கமும் இரண்டு விறாந்தைகள். ஒவ்வொன்றின் வெளிச்சுவரிலிருந்தும் மூன்று என்புத் தட்டுகள் தாழ்வாரம்போல உள்ளே சரிந்து நிற்கின்றன. வரும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைப் பிடித்துவைப்பது அவற்றை மூடியிருக்கும் சீதமென்சவ்வின் வேலை. கீழ்த்தட்டின் அடியிலே கண்ணீர்க்கான் திறக்கிறது. பிரியாவிடை நாளில் நாங்கள் அழுதபோது மூக்கும் சேர்ந்து ஒழுகியது அதனால்தான்.

விறாந்தைகளைச் சுற்றி நான்கு சோடி அறைகள் உள்ளன: கன்னத்தில், நெற்றியில், மூக்கின் பின்னே மண்டையோட்டின் அடியில், கண்களுக்கிடையே தேன்வதை போன்ற சிற்றறைகளாக. கன்னத்தறையும் சிற்றறைகளும் பிறக்கும்போதே உண்டு. நெற்றியறை பிறகுதான் வளர்கிறது. எனவே நான்கு வயதுப் பிள்ளையின் நெற்றி நோவுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்.

அறைகளில் சுரக்கும் சளியை நுண்ணிய பிசிர்கள் ஓயாமல் வாசலை நோக்கித் தள்ளுகின்றன. கன்னத்தறையின் வாசலோ கூரைக்குக் கிட்ட இருக்கிறது. நாங்கள் நிமிர்ந்து நிற்கையில், துலாவில் தண்ணீர் இறைப்பதுபோல, சளியை மேலே ஏற்ற வேண்டும். தடிமனால் வாசல் வீங்கி அடைத்தால் சளி தேங்கும்; கிருமி பெருகும். அதுவே பீனிசம்.

அந்த அறையின் தரைக்குக் கீழே மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் இருக்கின்றன. 1651இல் இந்த அறையை விரிவாக எழுதிய ஆங்கில வைத்தியர் நதானியேல் ஹைமோர், பல் பிடுங்கியபின் சீழ் வடிந்த ஒரு பெண்ணைப் பற்றியும் குறிப்பிட்டார்.

என் அம்மா இரண்டு வருடமாக ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளியோடு அவதிப்பட்டார். நெற்றியில் பற்றுப் போட்டார், ஆவி பிடித்தார், பனடோல் விழுங்கினார். மருத்துவ மாணவியாக இருந்த நானும் பீனிசம் என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டேன். கடைசியில் ஒரு பல் வைத்தியர்தான் பழுதான கடைவாய்ப்பல்லைக் கண்டுபிடித்தார். அதைப் பிடுங்கி, அறையைக் கழுவியபின் அம்மா சுகமானார். பரீட்சைக்காக அந்தப் படத்தைப் பாடமாக்கியிருந்தேன். அம்மாவின் முகத்தில் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஆகவே சிலவற்றை மனதில் வையுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் நாற்றச் சளியோ இரத்தமோ வந்தால் காட்டுங்கள், பல்லையும் காட்டுங்கள். வெளிச்சம் பொறுக்காமல், ஓங்காளத்தோடு விட்டுவிட்டு வரும் தலையிடி பெரும்பாலும் ஒற்றைத் தலையிடி. மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தை ஒரு கிழமைக்கு மேல் பாவித்தால் அடைப்பு மோசமாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: சிற்றறைகளுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள சுவர் கடதாசிபோல மெல்லியது. தடிமனோடு இருக்கும் பிள்ளையின் இமை வீங்கிச் சிவந்தால், கண் பிதுங்கினால், பார்வை மங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சில மணி நேரத் தாமதம் பார்வையையே பறித்துவிடலாம்.

அன்று மண்டையோட்டை எங்கள் கையில் தந்த ரீச்சரை நன்றியோடு நினைத்து விடைபெறுகிறேன்.