பெரிய அரங்கம் வேண்டாம்னு சொன்ன பாடகி

2022 ஏப்ரல் 5. அமெரிக்காவில ஆரெகன் மாநிலத்து போர்ட்லேண்ட் நகரம். அங்க மோடா சென்டர்னு ஒரு கூடைப்பந்து அரங்கம், கிட்டத்தட்ட 20,000 பேர் உட்காரலாம். அன்னைக்கு அதுக்குள்ள திரைகளைத் தொங்கவிட்டு, இடத்தைச் சில ஆயிரம் பேருக்குச் சுருக்கி வச்சிருந்தாங்க. பாட வந்தவங்க ஒலிவியா ரோட்ரிகோ, வயசு 19. ரெண்டே நாளைக்கு முன்னாடி லாஸ் வேகாஸ்ல மூணு கிராமி விருது வாங்கியிருந்தாங்க.

இவ்வளவு பேர் எடுத்த பாடகி ஏன் சின்ன மேடைக்கு வந்தாங்க? அதுக்கு முதல் ஆல்பத்துக்குப் போகணும்.

ஒலிவியா கலிஃபோர்னியாப் பொண்ணு. அப்பா வழியில பிலிப்பைன்ஸ் வம்சம். டிஸ்னி தொடர்ல நடிச்சுக்கிட்டே பாட்டு எழுதினாங்க. 2021 ஜனவரி 8ஆம் தேதி ‘டிரைவர்ஸ் லைசென்ஸ்’ வெளியாச்சு. அதோட தொடக்கத்தை ஹெட்ஃபோன்ல கேளுங்க. கார் போடுற ‘டிங் டிங்’ எச்சரிக்கைச் சத்தம் வரும். அந்தத் துடிப்பே மெல்லப் பியானோவா மாறிடும். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் டான் நிக்ரோவோட வீட்டுக் கராஜ் ஸ்டூடியோவில உருவான இசை. அது பில்போர்டு பட்டியல்ல எட்டு வாரம் முதலிடத்துல உட்கார்ந்துச்சு.

மே 21ஆம் தேதி ‘சவர்’ ஆல்பம் வந்தது. மொத்தம் 11 பாட்டு, 34 நிமிஷம். பாதி அழுகை, பாதி ஆத்திரம். ‘குட் ஃபோர் யூ’ பாட்டுல பாரமோர் ராக் குழுவோட சாயல் இருக்குன்னு பேச்சு கிளம்பி, அந்தக் குழுவின் ஹேலி வில்லியம்ஸ், ஜோஷ் ஃபாரோ பேரும் பின்னாடி பாட்டு எழுதினவங்க பட்டியல்ல சேர்ந்துச்சு. என்னைக் கேட்டா, 90களோட ராக்கை இந்தத் தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்த்ததுதான் இந்த ஆல்பத்தோட சாமர்த்தியம்.

ஆனா கொரோனா காலம். ஊர் ஊராப் பாடிப் பழகி, கூட்டத்தைச் சம்பாதிச்சு, அப்புறம் புகழுக்கு வர்றதுதான் வழக்கம். இவங்களுக்குப் புகழ் முதல்ல வந்துடுச்சு, மேடைப் பழக்கம் வரவே இல்லை. 2021 டிசம்பர்ல சுற்றுப்பயணம் அறிவிச்சப்போ, தியேட்டர் அளவு அரங்கங்களாப் பார்த்து எடுத்தாங்க. படிகளைத் தாவிப் போக வேணாம்னு நினைச்சதா அவங்களே சொன்னாங்க. ரசிகர்களுக்கு இது கஷ்டம்தான்: டிக்கெட் சட்டுனு தீர்ந்து, மறுவிற்பனையில விலை எகிறிடுச்சு.

இன்னொரு சிக்கலும் உண்டு. 34 நிமிஷ ஆல்பத்தை வச்சு ஒரு ராத்திரியை எப்படி ஓட்டுறது? அதுக்கு அவங்க பிடிச்ச வழி, தன் முன்னோடிகளோட பாட்டு. டொரான்டோவில அவ்ரில் லவீனே வந்து கூடப் பாடினாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல அலானிஸ் மோரிசெட். ஆல்பம் எங்கிருந்து பிறந்ததுன்னு மேடையிலேயே காட்டின மாதிரி ஆச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவில ஒருநாள் முன்நிகழ்ச்சி பாடினது யார் தெரியுமா? அப்போ பலருக்கும் தெரியாத பாடகி சாப்பல் ரோன்.

ஜூன்ல இங்கிலாந்தோட கிளாஸ்டன்பரி இசை விழா. கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்ச மறுநாள் அது. பாடகி லில்லி ஆலனை மேடைக்குக் கூப்பிட்டு, தீர்ப்புக்கு ஆதரவா நின்ன நீதிபதிகளோட பேரை ஒவ்வொண்ணாச் சொல்லி, அவங்களுக்குன்னே ஒரு வசைப்பாட்டைப் பாடினாங்க. மேடைக் கூச்சமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை!

சின்ன அரங்கத்துல தொடங்கின அந்த முடிவு சரிதான்னு ரெண்டு வருஷத்துல தெரிஞ்சுபோச்சு. 2022ல நியூயார்க்ல ரேடியோ சிட்டி மண்டபத்துல பாடினவங்க, 2024ல அதே ஊர்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ங்கிற பெரிய அரங்கத்துல நாலு ராத்திரி பாடினாங்க. ‘சவர்’ கேக்காதவங்க முதல் பாட்டுலேர்ந்து வரிசையாக் கேளுங்க. எந்தப் பாட்டு பிடிச்சுதுன்னு கமென்ட்ல சொல்லுங்க.