ஊற்றுக்கண்
(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் கிணறு வெட்டியோர் அறிவர்: மேலே கரிசல், அதன்கீழ்ச் சுக்கான், அதன்கீழ்ப் பாறை. வெட்டுவோன் காணும் மண் மாறிக்கொண்டே வருகிறது. அவன் தேடும் நீரோ ஒன்றே. உயிரைப்பற்றி நாம் கொள்ளும் கருத்தும் இவ்வாறே வயதுதோறும் மாறிவருகின்றது.

இதற்குச் சான்று நம் திருச்சுழியிலேயே உண்டு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடிய அத்தலத்தில், 1879 டிசம்பர் 30ஆம் நாள் வேங்கடராமன் என்னும் குழந்தை பிறந்தது. அவரே பின்னாளில் இரமண மகரிஷி. 1892இல் தந்தையாரை இழந்து, மதுரையில் சிற்றப்பர் இல்லத்தில் வளர்ந்தார். பெரியபுராணம் படித்து வியந்தார். ஆயினும் கோயிலுக்குத் தோழரோடு எப்பொழுதேனும் சென்று மீள்வதோடு சரி.

1896 ஜூலையில், பதினாறாம் வயதில், நோய் ஒன்றும் இன்றியே மரண அச்சம் அவரைப் பற்றியது. உடலைப் பிணம்போற் கிடத்தி, இறப்பது எது என்று உள்நோக்கினார். உடல் சாயினும் தாம் சாயாமை கண்டார். அதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. மாலைதோறும் மீனாட்சியம்மை திருக்கோயில் புகுந்து, அறுபத்துமூவர் திருவுருவின்முன் நின்று, அவர்தம் அன்பு தமக்கும் வாய்க்கவேண்டுமென்று கண்ணீர் பெருக்கினார். ஆகஸ்ட் 29இல் அண்ணாமலை நோக்கிப் புறப்பட்டார்.

திருமடத்திற் பயின்ற அடியேன், இளமையில் மகரிஷியின் நெறியை ஏகான்மவாதம் என்று ஒதுக்கினேன். சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டும் மனப்பாடம். உயிர் உடலின் வேறு என்று மேடைதோறும் நிறுவினேன். என் இல்லாள் சிவபதம் எய்திய இரவில் அவ்வேதுக்களுள் ஒன்றேனும் துணைக்கு வரவில்லை. சில நாள் கழித்து, அவள் வளர்த்த நந்தியாவட்டையிற் பூக்கொய்து கோயிலுக்குக் கொண்டுசென்றேன். அங்கேதான் அழுகை வந்தது. அழுகைக்குப்பின் தெளிவும் வந்தது. அதுவரை கற்றது சொல். அன்றுதான் பொருள் தொடங்கிற்று.

இன்றும் அடியேன் முப்பொருள் உண்மை கொள்பவனே. ஆயின் அவ்விளைஞர் வினவிய வினாவை வணங்குகின்றேன். பளிங்கு, அடுத்த நிறத்தைக் கொள்வதுபோல, உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்பது நம் சித்தாந்தம். ஆதலின், கருத்து மாறுவது குற்றமன்று. எதனைச் சார்ந்து மாறுகிறோம் என்பதே வினா. பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் பெற்றாரும் அடியாரையும் ஆலயத்தையும் சிவமாகவே தொழுக என விதிக்கின்றது. தெளிந்தபின் கோயில் புகுந்த அவ்விளைஞரின் செயல் இதனோடு ஒக்கின்றது அன்றோ?

பொன்னும் பொருளும் ஈந்த புண்ணியர்களே! கோபுரம் நிறைவுற்றது, உள்ளே வெட்டவேண்டிய கிணறு எஞ்சியுளது. மாலைதோறும் சிறிதுபொழுது சந்நிதியில் வந்து நில்லுங்கள். ஊற்றுக்கண் திறப்பது அவன் அருள்.

திருச்சிற்றம்பலம்.