காலடி மண்ணின் உயிர்கள்



நுண்ணங்கி என்றதும் வைத்தியர்களாகிய எங்களுக்கு நோய்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் காசநோயைக் குணப்படுத்திய ஸ்ரெப்ரோமைசின் 1943இல் கிடைத்தது மண்ணில் வாழும் ஒரு நுண்ணங்கியிலிருந்தே.

திபெத்திய மேட்டுநிலத்தின் சராசரி உயரம் 4,000 மீற்றருக்கு மேல். எங்கும் குளிர், ஆகவே மண்ணுயிர்களும் எங்கும் ஒன்றே என நாம் எண்ணலாம். அப்படியல்ல. மழை பெறும் தென்கிழக்கில் பசும்புல்வெளி. வடமேற்கே போகப் போக வறண்ட புல்நிலம், பின்னர் பாலை. ஈரமும் உக்கலும் நிறைந்த மண்ணில் நுண்ணங்கிகள் செறிந்திருக்கும். வறண்ட கார மண்ணில் அவை குறையும், இனங்களும் மாறும். உயரம் மட்டுமல்ல, ஈரம், உணவு, அமில காரத் தன்மை ஆகியனவும் சேர்ந்தே அங்கு எவை வாழும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

பல இடங்களில் அம்மண்ணின் கீழே ஆண்டு முழுதும் உறைந்த படை உண்டு. பழைய தாவரங்களின் காபன் அதில் பூட்டிக் கிடக்கிறது. புவி வெப்பமாகி அது உருகும்போது, நுண்ணங்கிகள் அக்காபனை உண்டு காபனீரொட்சைட்டாகவும் மெதேனாகவும் வெளிவிடும். ஆகவே எங்கு எவை வாழ்கின்றன என்பது நம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

ஒரே நுணுக்குக்காட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் நாம். இன்றைய மாணவி ஒவ்வொருத்தியும் ஒரு துளி மண்நீரை ஆறுதலாகப் பார்க்க வழிசெய்வோம்.