பருவமெய்தும் மகளும் பள்ளிப் பாடமும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் காலை வேளையில் நடந்து செல்வோர் காதில் பல மொழிகள் விழும். மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் ஒலிக்கும் அத்தெருவில் நம் தமிழும் ஒலிக்கிறது. அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியில், வெளி என்னும் பகுதியிலுள்ள தோபிகானாவில், தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. இத்தகைய ஊரில் நம் பெண்மக்களுக்கு வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறொன்று. கணக்குக்கும் பூகோளத்துக்கும் இதனால் பெரிய இடையூறு நேர்வதில்லை. ஒரே ஒரு பாடத்தில் மட்டும் குழந்தை இரண்டு மொழிகளுக்கும் நடுவில் தனித்து நின்றுவிடுகிறாள். அது அவளுடைய பருவத்தைப் பற்றிய பாடம்.

பள்ளியில் ஆசிரியை 'ஆர்த்தவம்' என்கிறார். வீட்டிலோ நாம் 'தூரம்' என்கிறோம், 'தீட்டு' என்கிறோம், 'விலக்கு' என்கிறோம். பள்ளிச் சொல் உடலின் இயற்கையைக் குறிக்கிறது. நம் சொற்கள் அவளை எட்டி நிற்கச் சொல்கின்றன. இவ்விரண்டும் ஒரே பொருளைக் குறிப்பன என்று அக்குழந்தைக்கு எடுத்துரைப்பவர் யார்? இவ்வினாவை முன்னிட்டே இன்று பேச விழைகிறோம்.

இந்நகரத்தின் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வருகிறது. கொச்சி சமஸ்தானத்தில், திருப்பூணித்துறை அரசினர் பெண் பள்ளியில் நிகழ்ந்தது அது. ஆண்டுத் தேர்வு எழுத 300 நாள் வருகை வேண்டும் என்பது அக்காலத்து விதி. மாதவிடாய் நாட்களில் ஆசிரியைகளும் மாணவியரும் பள்ளிக்கு வராதிருப்பதோ அக்காலத்து வழக்கம். தேர்வு நாளில் அவ்வாறு நேரின், ஓர் ஆண்டுப் படிப்பே வீணாகும். 1912 ஜனவரியில் தலைமையாசிரியர் வி. பி. விசுவநாத ஐயர் இக்குறையைத் திருச்சூரிலிருந்த பள்ளி ஆய்வாளருக்கு எழுதினார். சில நாட்களுக்குள் ஆணை பிறந்தது. அம்மாணவியர் தேர்வைப் பின்னர் எழுதலாம் என்று இசைவு தரப்பட்டது. வரலாற்று ஆசிரியர் பி. பாஸ்கரனுண்ணி இதனைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

இவ்வாணை தீட்டு என்னும் வழக்கத்தை அகற்றியதாக நாம் மயங்க வேண்டியதில்லை. அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டே அது ஒரு வழி கண்டது. ஆயினும் மாணவியின் படிப்புக்கு ஊறு நேராமல் காத்தது. அதைக் கேட்டு எழுதியவர் ஓர் ஆடவர் என்பதையும் நாம் நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டும்.

111 ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜனவரியில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவியருக்கு வருகைக் கணக்கில் நூற்றுக்கு இரண்டு பங்கு தளர்த்தியது. அம்மாதத்திலேயே மாநிலத்தின் பிற பல்கலைக்கழகங்களுக்கும் அச்சலுகை விரிவாக்கப்பட்டது. இதனைக் கேட்டு மகிழும் நாம், 2025 ஏப்ரலில் நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் நிகழ்ந்ததையும் கேட்டோம். தனியார் பள்ளி ஒன்றில், புதிதாகப் பருவமெய்திய எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வு எழுதினாள். சட்டமும் பட்டமும் பெருகிய காலத்தில் இது எவ்வாறு நேர்ந்தது? படித்தவர்களும் இப்பாடத்தை மட்டும் படிக்கவில்லை என்பதே நாம் காணும் விடை.

ஆகவே இதனைப் பள்ளியில் கற்பிக்க வேண்டுமா என்பது இன்று வினாவன்று. பெண்களுக்குத் தனியே கற்பிப்பதா, ஆண்பிள்ளைகளுடன் சேர்த்துக் கற்பிப்பதா என்பதே வினா. கேரளத்தில் இது ஏட்டளவிலான வாதமும் அன்று. 2022 ஜூலையில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், பள்ளிகள் அனைத்தும் இருபாலர் பள்ளிகளாக வேண்டுமென ஆணையிட்டது. அப்போது பெண்களுக்கு மட்டுமான பள்ளிகள் 280 இருந்தன. ஆண்களுக்கு மட்டுமானவை 164. அரசோ பெற்றோரும் உள்ளாட்சியும் இசையும் இடங்களில் படிப்படியாக மாற்றும் போக்கை மேற்கொண்டது.

தனி வகுப்பை விரும்புவோர் கூறுவதில் உண்மை உண்டு. பதினோரு வயதுச் சிறுமி, பையன்கள் நடுவில் எழுந்து நின்று தன் ஐயத்தைக் கேட்கமாட்டாள். கூட்டு வகுப்பை விரும்புவோர் கூறுவதிலும் உண்மை உண்டு. அறியாத பையனே பெண்ணின் பாவாடையிலுள்ள கறையைக் கண்டு நகைக்கிறான். அவனே நாளை கணவனாகவும் தந்தையாகவும் தலைமையாசிரியனாகவும் ஆகிறான்.

இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்குங்கால், ஒரு பாடத்தை இருமுறை நடத்துவதே தக்கது என்று கருதுகிறோம். முதலில் பெண்களுக்கு ஆசிரியை தனியே நடத்தி, ஐயங்களுக்கு விடை தரட்டும். பின்னர் அதே உண்மைகளை இருபாலரும் ஒன்றாக அமர்ந்து கேட்கட்டும். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியரை, கூடுமானவரை ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக, இதற்கெனப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. இம்முறைக்கு அது பொருந்தி வருகிறது.

காலமும் முக்கியம். தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் அறிவியல் நூலில் இப்பாடம் நெடுங்காலம் எட்டாம் வகுப்பில் இருந்தது. 2025-இல் வந்த புதிய நூலில் ஏழாம் வகுப்புக்கு வந்துள்ளது. அதற்கும் முன்பே பல பெண்கள் பருவமெய்திவிடுகின்றனர். மழைக்கு முன்பே குடை கொடுக்க வேண்டிய கடமை தாய்க்கு உரியது.

தாய் சொல்ல வேண்டியவை சிலவே. முதல் ஓரிரண்டு ஆண்டுகள் மாதவிடாய் ஒழுங்கின்றி வரலாம், அஞ்ச வேண்டா. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியையோ பஞ்சு அட்டையையோ மாற்றுக. துணியைச் சோப்பிட்டு அலசி வெயிலில் உலர்த்துக. கொச்சியின் மழைக்காலத்தில், பிறர் கண்ணில் படலாகாதென்று இருட்டறையில் ஈரத்துடன் மடித்து வைக்கும் துணி நோயைத் தரும். நல்ல துணிக்கு வெயில் வேண்டும் என்பதைத் தோபிகானா நடத்தும் நம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏழு நாளுக்கு மேல் உதிரம் போனாலும், வலியால் பள்ளி தடைப்பட்டாலும், பதினைந்து வயதாகியும் பருவமெய்தாவிடினும் மருத்துவரைக் காண்க.

உணவும் ஒரு மருந்தே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை எறிந்துவிடாமல் உண்கிறாளா என்று நாம் கேட்க வேண்டும்.

நம் குலவழக்கில் நல்லதும் உண்டு. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துப் பெண்ணைத் தேற்றினர் நம் பாட்டிமார். தாய்மாமன் சீர் கொண்டு வந்தான். ஆனால் முதல் மாதம் பந்தலிட்டு ஊரைக் கூட்டும் நாமே, மறு மாதம் அவளுக்குத் தனிப் பாயும் தனித் தட்டும் வைக்கிறோம். இவ்விரண்டில் எதை நம்புவாள் அக்குழந்தை? களியை வைத்துக்கொள்வோம், மூலையை விட்டுவிடுவோம்.

பிறமொழி நாட்டில் வாழும் நமக்குத் தமிழ் வீட்டில்தான் நிலைக்கிறது. மகளின் பாடநூலை ஒருநாள் மாலை வாங்கி, அப்பாடத்தை அவளையே தமிழில் சொல்லச் சொல்வோம். தாய் அருகில் அமரட்டும், தமையனும் கேட்கட்டும், தந்தையும் எழுந்து போகாதிருக்கட்டும். தெரியாத சொல் வந்தால் 'மாதவிடாய்' என்று எடுத்துக் கொடுப்போம். பள்ளியில் தொடங்கிய பாடம் அன்று மாலை நம் வீட்டில் நிறைவு பெறும்.